பசளை வாங்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கங்களிலிருந்து எங்களிடம் பசளை எடுக்கும் எல்லோருக்கும் வணக்கம்; அஸ்ஸலாமு அலைக்கும்.

சிறுபோக நெற்செய்கையில் யூரியா வராத கிழமைகளில் அதற்குப் பதிலாக நாங்கள் கொடுத்த அமோனியம் சல்பேற்றுப் பசளையைப் பற்றி ஊருக்குள் ஒரு கதை ஓடுகிறது. "உப்பைக் கட்டி விற்றுவிட்டார்கள், பயிர் பச்சை பிடிக்கவே இல்லை" என்கிறார்கள். பசளைக் கடைக்காரருக்கு இதைவிட நோகும் சொல் கிடையாது.

அமோனியம் சல்பேற்று பார்வைக்கு உப்பைப் போலத்தான் இருக்கும். யூரியா மாதிரி உருண்டை மணியாக இராது. சந்தேகப்படுகிறவர்கள் ஒரு கரண்டி எடுத்துப் பழைய தட்டில் போட்டு, கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பும் சில சொட்டுத் தண்ணீரும் சேர்த்துக் குழைத்துப் பாருங்கள். மூக்கைக் குத்துகிற அமோனியா நெடி வரும். கறியுப்பில் அது வராது. கடை மேசையிலேயே சுண்ணாம்பு வைத்திருக்கிறோம். எந்த மூடையைக் காட்டினாலும் உங்கள் கண் முன்னால் பிரித்துச் செய்து காட்டுவோம்.

அப்படியானால் பயிர் ஏன் வெளிறியது? பயிரைப் பச்சை பிடிக்க வைக்கும் சத்து நைதரசன். அது யூரியாவில் 46 சதவீதம், அமோனியம் சல்பேற்றில் 21 சதவீதம். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அதே எடைச் சல்பேற்றில் பத்தரைக் கிலோதான். ஒரு மூடை யூரியா போடுகிற இடத்துக்கு இது இரண்டு மூடைக்கும் கொஞ்சம் மேலே வேண்டும். மூடைக்கு மூடை என்று போட்டிருந்தால், மட்டம் வெடிக்கிற, அதாவது நெல் பக்கக் கிளை விடுகிற நேரத்தில் பயிருக்குப் பாதித் தீனிதான் கிடைத்திருக்கும். அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இதையெல்லாம் கடையில் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்த தம்பி வெளிநாடு போய்விட்டார்.

யூரியாவிலும் கவனம் வேண்டும். தேங்கிய தண்ணீரில் வீசி, கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்தால், கணிசமான பங்கு அமோனியாவாகப் பறந்துவிடும். வக்கடையை (வரம்பில் தண்ணீர் போகும் வழியை) திறந்து நீரை வடித்து, சேற்றில் போட்டு, அப்புறம் தண்ணீர் கட்டுங்கள். நைத்திரேற்றுப் பசளையைத் தோட்டத்துக்கு வையுங்கள். தண்ணீர் நிற்கும் வயலில் அது வாயுவாகிப் போய்விடும். நிலாவெளி, குச்சவெளி வெங்காயக்காரர்களுக்குச் சல்பேற்று நல்லது. அதில் கந்தகமும் இருக்கிறது. வெங்காயத்தின் காரமே கந்தகத்தால் வருவதுதான்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றபோதும் எங்கள் கடைப்படி ஏறி, "இருக்கிறதைத் தாங்க" என்று வாங்கிப் போனவர்கள் நீங்கள். இந்தக் கதை ஓடுகிற நேரத்திலும் நேரே வந்து, "என்ன நடந்தது?" என்று கேட்டவர்கள் பலர். உங்கள் எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி.

பெரும்போகத்துக்கு யூரியா, சல்பேற்று இரண்டும் எடுக்கிறோம். காணி எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று சொல்லுங்கள். எத்தனை மூடை, எப்போது போடுவது என்பதைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தருவோம். கடன் கொப்பி மட்டும் இந்தப் போகம் இல்லை.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
திருகோணமலை