நீலத் தொட்டியைப் பழைய இடத்தில் வைக்கக் கோரி நான்காவது மனு

பெறுநர்: எங்கள் வட்டாரத் துப்புரவுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்

அனுப்புநர்: இரண்டாம் மாடி மூலை வீட்டுக்காரர், ஈசூன், சிங்கப்பூர்

பொருள்: காலி விஸ்கிப் போத்தல்களைப் போட இடம் கேட்டல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக இதற்குமுன் மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்றையும் என் மகன் ஆங்கிலத்தில் எழுதித் தந்தான். முதல் மனுவுக்கு நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது. அதில் நீளமான ஓர் எண் இருந்தது. இரண்டாவதற்கும் அதே நன்றி, வேறு எண். மூன்றாவதற்கு எண்கூட வரவில்லை. ஆகவே இந்தத் தடவை நானே தமிழில் எழுதுகிறேன். நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் இதுவும் ஒன்றுதானே. தாங்களும் தமிழர். பங்குனி உத்திரத்தன்று புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் தங்களைப் பால்குடத்தோடு பார்த்ததாக என் மனைவி சொன்னார். அந்த தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குச் சாயம் பூசியபோது தாங்களே வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனீர்கள். அதுவரை மறுசுழற்சிக்கான நீலத் தொட்டி மின்தூக்கிக்குப் பக்கத்தில், நல்ல விளக்கு வெளிச்சத்தில் நின்றது. சாரம் கட்ட இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, அடுத்த புளோக்கின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். சாரம் பிரித்துப் பதினொரு மாதம் ஆகிறது. சாயமே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. தொட்டி இன்னும் வரவில்லை. இதனால் நாங்கள் படும் பாட்டைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் என் கதையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் குடிப்பவன்தான். மாதத்துக்கு ஒரு விஸ்கி, 700 மில்லி போத்தல். சனிக்கிழமை இரவில் வீட்டுக்குள் உட்கார்ந்து இரண்டு கிளாஸ், அதற்கு மேல் இல்லை. இப்போது என் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே பதினொரு காலிப் போத்தல்கள் நிற்கின்றன. சாரம் பிரித்த கணக்கும் போத்தல் கணக்கும் ஒன்றாக இருப்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். குப்பைக் குழாயில் போடலாமே என்பீர்கள். எங்களுடையது எண்பதுகளில் கட்டிய புளோக், குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பத்தாம் மாடியில் ஒருவர் இரவு பன்னிரண்டு மணிக்குப் போத்தலைப் போட்டால் எங்கள் வீட்டில் பட்டாசு வெடித்த மாதிரி இருக்கும். அதோடு, கண்ணாடி எரிகிற பொருள் இல்லை. குப்பை எரிக்கும் உலையில் போட்டாலும் சாம்பலோடு சாம்பலாகத் துவாஸிலிருந்து படகேறி செமக்காவ் தீவுக்குத்தான் போகும். 1999இல் திறந்த அந்தக் குப்பை நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று தங்கள் துறைக்காரர்களே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். என் பேத்தி அந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு வந்து என் கையிலிருந்த போத்தலைப் பிடுங்கிக்கொண்டாள். சரி, வேறு எதற்காவது உதவட்டும் என்று ஒன்றில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்தோம். இரண்டில் மணிபிளான்ட் வைத்தோம். கொசுப் பரிசோதனைக்கு வந்தவர் போத்தலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். ஆனால் அந்தக் குறுகிய கழுத்துக்குள் எந்தப் பிரஷ் போகும்? தாழ்வாரத்தில் அடுக்கலாம் என்றால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீயணைப்பு விதி. அதுவும் நியாயம். எல்லோரும் நியாயமாகத்தான் சொல்கிறார்கள். போத்தலை எங்கே வைப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

2. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கல் மேசையைப் பற்றி. 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30க்கு மேல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடைகளிலும் வாங்கிக்கொண்டு போக முடியாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான், அதற்குப் பிறகு நானும் நிம்மதியாகத் தூங்குகிறேன். கல் மேசையில் உட்காருகிறவர்களும் கெட்டவர்கள் அல்ல. நாள் முழுக்க வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடித்து, 10.30க்கு எழுந்துவிடுகிறார்கள். 10.31க்கு அந்தப் போத்தல் எங்கே போகும்? அங்கேயே விட்டுவிட்டுப் போனால் முதல் தடவைக்கே 2,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். ஆகவே பயந்துகொண்டு அதைத் தூக்கிக்கொண்டு தொட்டியைத் தேடிப் போகிறார்கள். மின்தூக்கிப் பக்கம் தொட்டி இல்லை. இருட்டில் கார்களுக்கு நடுவே புகுந்து அடுத்த புளோக்குக்குப் போனால் அங்கே தொட்டி வாய்வரை நிறைந்திருக்கிறது. இரண்டு புளோக்கின் அட்டைப் பெட்டிகளும் அதற்குள்தான். வேறு வழியில்லாமல் தொட்டியின் காலடியில் வரிசையாக நிறுத்திவிட்டுப் போகிறார்கள். போன திங்கட்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று. காலையில் அவசரமாகப் பின்னால் எடுக்கிற முதல் கார் அவற்றின் மேல் ஏறுகிறது.

3. இதுதான் முக்கியமான விஷயம், ஐயா. மற்றவற்றைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டுமாவது படியுங்கள்.

என் மனைவிக்கு நீரிழிவு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போக அவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் வழி, அந்தக் கார் நிறுத்துமிடத்தின் ஓரம்தான். வேறு வழி கிடையாது, தங்களுக்கே தெரியும். விஸ்கிப் போத்தலின் அடிப்பாகம் கனம். மேல் பக்கம் நொறுங்கினாலும் அடிப்பாகம் கிண்ணம் மாதிரி நிமிர்ந்து நிற்கும், சுற்றிலும் பல். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அது அவருடைய ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. பேருந்து ஏறி, கோயிலுக்குப் போய், மூன்று சுற்று சுற்றி, அர்ச்சனை செய்து, திரும்பி வந்து, எனக்குக் கோப்பி கலந்து கொடுத்து, கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். சமையலறைத் தரையில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. பிரசாதத் தட்டிலிருந்து குங்குமம் சிந்தியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். துடைத்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் வந்தது. அவரே குனிந்து பார்த்துவிட்டு, "யாருக்கு அடிபட்டது?" என்று என்னைக் கேட்டார்.

மருந்தகத்தில் எடுத்த துண்டு நொய் அரிசி அளவுதான். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது. வாரத்துக்கு இரண்டு தடவை கட்டு மாற்ற டாக்சியில் கூட்டிக்கொண்டு போனேன். இடையில் ஒரு நாள் சுண்டுவிரல் கறுத்தது. இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த இரண்டு வாரமும் நான் விஸ்கியைத் தொடவில்லை, தூங்கவும் இல்லை. விரலை எடுக்க வேண்டியதில்லை என்று சொன்ன அன்று மருந்தகத்து நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்; என் மனைவிதான் தட்டி எழுப்பினார். அவ்வளவு பெரிய பங்குனி உத்திரத்துக்கே சக்கர நாற்காலியில்தான் வந்தார். தங்களைப் பார்த்ததும் அப்போதுதான். கப்பல் தளத்துக்காரர்கள் கான்பரா சாலையில் மரத்தடியில் கும்பிட்ட காலத்திலிருந்து இந்த முருகனிடம் போய்க்கொண்டிருப்பவர் அவர். கோயில் 1996இல் ஈசூனுக்கு வந்தபோது, இனி நடந்தே போய்விடலாம் என்று சந்தோஷப்பட்டவர். இப்போது கீழே இறங்கவே பயப்படுகிறார். சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கார் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கடைக்குப் போய்வரும்போதெல்லாம் கேட்கிறார், "தொட்டி வந்துடுச்சா?"

அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? அந்த நீளமான எண்ணைச் சொல்லட்டுமா?

4. அந்தச் சில்லுகளை மறுநாள் பெருக்கியவர் வங்காளதேசத்துத் தம்பி. மெல்லிய கையுறைதான் போட்டிருந்தார். வலது கட்டைவிரலில் பழைய வெட்டு மூன்று இருக்கிறது. கேட்டால் சிரிக்கிறார்.

5. தொட்டிக்குச் சக்கரம் இருக்கிறது, ஐயா. தள்ளினால் வரும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, செய்து பார்த்தே சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் எதிர்வீட்டு மலாய்க்காரரும் சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிறுத்தினோம். பத்து நிமிட வேலை. எனக்கு வயது அறுபத்தெட்டு. அன்றிரவு கல் மேசைப் போத்தல்கள் எல்லாம் ஒழுங்காக அதற்குள் போயின. மறுநாள் காலை பத்து மணிக்குத் தொட்டி திரும்பவும் அடுத்த புளோக்குக்குப் போய்விட்டது! மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பும் ஒட்டியிருந்தது, தொட்டிகளைக் குடியிருப்பாளர்கள் இடம் மாற்றக் கூடாது என்று. மூன்று மனுவுக்கு அசையாதவர்கள் இதற்கு ஒரே இரவில் அசைந்திருக்கிறார்கள். அப்படியானால் ஆட்கள் இருக்கிறார்கள், பார்க்கிறார்கள், தள்ளவும் தெரிகிறது. எங்கள் பக்கம் தள்ளத்தான் மனம் வரவில்லை.

மன்னிக்கவும். மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

6. வைப்புத்தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2026 ஏப்ரல் 1 முதல் பானம் வரும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் டின்னுக்கும், காலியைத் திருப்பித் தந்தால் 10 காசு என்று வைத்திருக்கிறார்கள். 10 காசு கிடைக்கும் என்றால் டின்னைக் கீழே விட்டுவைக்க மாட்டார்கள். அட்டை பொறுக்கும் பாட்டிமார் எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடியை இதில் சேர்க்கவில்லை. பீர் டின்னை ஆள் தேடி வந்து எடுக்க, விஸ்கிப் போத்தல் அநாதையாகக் கிடக்கும். எங்கள் அப்பா கப்பல் தளத்தில் வேலை பார்த்த காலத்தில் போத்தலை வாங்கிப்போகவே ஆள் வருவார். பிள்ளைகள் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு பொறுக்குவோம். இன்றைக்குப் பழைய சாமான் வாங்க வரும் காராங்கூனிக்காரர் பழைய டிவியைக்கூட வாங்கிக்கொள்கிறார். போத்தல் என்றால், கனம், காசு இல்லை என்று கையை விரிக்கிறார். தமிழ்நாட்டில் நீலகிரிக் காட்டில் யானைகளின் கால் கிழிகிறது என்று நீதிமன்றம் தலையிட்டு, 2022இல் மதுக்கடைகளில் போத்தலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தையும் திருப்பித் தர ஏற்பாடு செய்தார்கள். யானைக்கு நடந்தது ஈசூனில் ஒரு பாட்டிக்கு நடக்கக் கூடாதா? இது தங்கள் கையில் இல்லை, மேலே உள்ளவர்கள் முடிவு செய்வது என்பது எனக்குத் தெரியும். மேலே ஒரு வரி எழுதிப் போடத் தங்களால் முடியும்.

7. எங்கள் மேல் உள்ள தவறையும் சொல்லிவிடுகிறேன். நீலத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாத குப்பை என்கிறார்கள். பாதி சாப்பிட்ட மீகோரெங்கைப் பொட்டலத்தோடு அதற்குள் போட்டதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தொட்டி திரும்பி வந்தால் காலையிலும் மாலையிலும் நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். போத்தலைக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும் என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுகிறேன். சீனத்தில் எழுதித்தர மூன்றாம் மாடி ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, ஐயா, நான் பணிவோடு கேட்பது இவ்வளவுதான். நீலத் தொட்டியைப் பழைய இடத்துக்கு, மின்தூக்கிப் பக்கத்து விளக்கடிக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை விடிவதற்குள் ஒரு தடவை காலி செய்யச் சொல்லுங்கள். கல் மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கென்று ஒரு கூடை வைத்தால் இன்னும் நல்லது. கூடைக்குச் செலவாகும் என்றால் கூடை வேண்டாம், தொட்டி போதும். அந்தத் தம்பிக்கு ஒரு நல்ல கையுறை. தொட்டியை மட்டும் மறந்துவிடாதீர்கள், ஐயா. தொட்டி.

இதற்கும் எண் ஒன்று அனுப்பினால், அதை வாங்கி வைத்துக்கொள்ளத் தெம்பில்லை. நேரில் வந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தால் சில்லுகளையும் காட்டுகிறேன், பெருக்கும் தம்பியையும் காட்டுகிறேன். மேலே வந்தால் கோப்பி உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டாம் மாடி மூலை வீட்டுக்காரர்

பி.கு.: இதை எழுதி முடிக்கும் இந்தச் சனிக்கிழமையோடு பன்னிரண்டாவது போத்தலும் காலி. சமையலறைத் தொட்டிக்குக் கீழே இடம் இல்லை. அடுத்ததைச் சாமி அறைக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டியிருக்கும். என் மனைவி அதற்குக் கண்டிப்பாகச் சம்மதிக்க மாட்டார்.