மஞ்சள் கருவைத் தள்ளச் சொன்னது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நலவாழ்வு இணைப்பில் ‘தினமும் ஒரு முழு முட்டை சாப்பிடலாம்’ என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. விஷயம் சரிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருஷம் மஞ்சள் கருவைத் தொடாதே என்று சொன்னார்களே, அது என்ன ஆயிற்று என்று ஒரு வரி இருக்குமோ என இரண்டு தடவை தேடிப் படித்தேன். இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ராசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் 1984 முதல் 2012 வரை சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். நாமக்கல் மாவட்டத்துக்காரி முட்டைக்குப் பரிந்து பேசினால் சந்தேகம் வரும், தெரியும். எனக்குக் கோழிப்பண்ணை இல்லை. சொந்தக்காரர்களிலும் யாருக்கும் இல்லை.

என் வீட்டுக்காரர் லாரி பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதியவர். 1995 ஐப்பசியில், 44 வயதில், அவருக்கு மாரடைப்பு வந்தது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த நன்றி இன்றைக்கும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது உணவு முறை என்று ஒரு தாள் கையில் கொடுத்தார்கள். தேங்காய் கூடாது. நிலக்கடலை கூடாது. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும், மஞ்சள் கரு நீக்கவும். மேரி பிஸ்கட் நான்கு, பிரெட் நான்கு துண்டு சாப்பிடலாம். சாதம் என்ற இடத்துக்கு நேராக ‘தேவையான அளவு’ என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் தேவையான அளவு என்றால் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை.

தாளை லேமினேட் செய்து சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அன்றிலிருந்து முட்டையை அவித்து, உரித்து, நூலால் இரண்டாக அறுத்து, மஞ்சள் கருவைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துவிடுவேன். அது முழுசாக வந்துவிட்டால் ஒரு சந்தோஷம். வெள்ளையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால் தண்ணீரில் கழுவுவேன், விஷம் பட்ட மாதிரி. குழியோடு இருக்கிற அந்த வெள்ளையில் மிளகுத்தூளைப் போட்டு அவர் மென்று முழுங்குவார். வாரத்துக்கு நாலு முட்டை, வருஷத்துக்கு இருநூறு, இருபது வருஷத்துக்கு நாலாயிரம். எல்லாம் வாசலில் இருந்த நாய்க்குப் போனது. நாய் பளபளவென்று இருந்தது.

இதே கையால்தான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முட்டை போட்டேன். 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, 2010ல் வாரத்துக்கு ஐந்து ஆனது. காலையில் அண்டாத் தண்ணீரில் முட்டைகளைப் போட்டு, மிதப்பதைக் கழித்துவிட்டு, மீதியை அவிப்போம். பிள்ளைகள் வெள்ளையை முதலில் தின்றுவிட்டு மஞ்சளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மஞ்சள் கருவைப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டு போவாள், வீட்டில் இருந்த தம்பிக்கு. கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவேன். பள்ளியில் அமுதம், வீட்டில் ஆகாதது. எனக்கே குழப்பமாக இருக்கும். பெரிய படிப்பு படித்தவர்கள் சொல்கிறார்கள், காரணம் இருக்கும் என்று விட்டுவிடுவேன்.

2016ல் அதே மருத்துவமனைக்கு வழக்கமான பரிசோதனைக்குப் போனோம். புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர் பார்த்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “மஞ்சள் கருவும் சாப்பிடலாமே ஐயா, யார் வேண்டாம்னு சொன்னது?” என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “இங்கதான் சொன்னாங்க” என்றேன். “அதெல்லாம் பழசும்மா” என்று சொல்லி, அடுத்த நோயாளிக்கு மணி அடித்துவிட்டார். பஸ் மல்லூர் தாண்டும் வரை இவர் வாயே திறக்கவில்லை. அப்புறம், “ஏம்புள்ள, ராத்திரிக்கு ரண்டு முட்டை ஒடைச்சு ஊத்து. வெங்காயம், பச்சை மொளகா போட்டு” என்றார்.

அந்த ‘பழசு’ எங்கிருந்து வந்தது என்று, மருத்துவம் படிக்கிற என் அண்ணன் பேத்தியிடம் கேட்டேன். அவள் சொல்லித்தான் தெரியும். 1913ல் ரஷ்யாவில் அனிச்ச்கோவ் என்ற விஞ்ஞானி, கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். அவற்றின் ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்தது. பெரிய கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறினால் குழாய்க்கு ஆபத்து என்பது இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் முயல் இலை தின்கிற ஜீவன். அதற்கு ஏது முட்டை? நம் உடம்பில் இருக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டில் கூடினால் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும். சிலருக்கு மட்டும் ரத்தத்தில் கூடுதலாக ஏறும்.

1968ல் அமெரிக்க இதயச் சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கூடாது, வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. ஒரு மஞ்சள் கருவிலேயே 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அமெரிக்காவில் மூன்று என்றது சேலம் வந்து சேர்வதற்குள் பூஜ்யமாகிவிட்டது! இதற்கிடையில், கொழுப்பைப் பற்றி உலகத்தையே பயமுறுத்தியவர் என்று பெயர் வாங்கிய ஆன்செல் கீஸ்கூட, சாப்பாட்டில் வருகிற கொலஸ்ட்ரால் அவ்வளவு பெரிய விஷயமில்லை, நெய், வெண்ணெய், இறைச்சியில் இருக்கிற நிறைவுற்ற கொழுப்பைப் பாருங்கள் என்று 1950களிலேயே சொல்லியிருக்கிறார். அந்த 300 என்ற எண் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியிலிருந்து எடுக்கப்பட்டது 2015 கடைசியில். அடுத்த வருஷம்தான் அந்த டாக்டர் தம்பி சிரித்தது.

இதோடு வழக்கு முடிந்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. 2019ல் அமெரிக்காவில் 30 ஆயிரம் பேர் அளவுக்குப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, முட்டை கூடக் கூட இதய நோயும் கூடுகிறது என்றது. 2020ல் ஹார்வர்டு பக்கமிருந்து வந்த இன்னொன்று, நாளுக்கு ஒன்று வரை பயமில்லை என்றது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் விஷயத்தில் இன்னும் இழுபறிதான். சரி, அறிவியல் அப்படித்தான் நடக்கும். இந்த இழுபறியை எங்களிடமும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். தடை வரும்போது தாள் அச்சடித்து, கொட்டை எழுத்தில் வருகிறது. தடை நீங்கினால் மணியடிக்கிற இடைவெளியில் ஒரு சிரிப்பு.

எனக்கு உண்மையான வருத்தம் முட்டையில்கூட இல்லை. அந்தத் தாளில் இருந்த ‘தேவையான அளவு’. எட்டு வருஷம் கழித்து, 2003ல், இவருக்குச் சர்க்கரை வந்தது. கடைசியில் சிறுநீரகம் போய், 2018ல் காலமானார். சாதத்தால்தான் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, அவர் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. ஆனால் நாங்கள் நாலாயிரம் மஞ்சள் கருவுக்குக் காவல் இருந்தபோது சோற்றுக் குண்டானை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் சொன்னதை நீங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள்.

வனஸ்பதி கதையும் இதே ரகம். நெய் ஆகாது என்று அதற்கு மாறிய வீடுகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து உண்டு. அதில் இருந்த டிரான்ஸ் கொழுப்புதான் இதயத்துக்கு ரொம்ப மோசம் என்று பிறகு தெரிந்து, 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது.

இதைப் படித்துவிட்டு, டாக்டர்கள் சொல்வதெல்லாம் பொய் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் கொழுந்தனார் அப்படிக் கிளம்பியவர். செல்போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினார். நாலு மாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முட்டை சாப்பிட ஆரம்பித்த பிறகும் கொலஸ்ட்ரால் மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை, நானும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் கொழுந்தனார் சொன்ன ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. “முட்டையில பொய் சொன்னவங்க மாத்திரையில மட்டும் உண்மை சொல்வாங்களா, அண்ணி?” என்றார். பொய் இல்லை, அன்றைக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள் என்று நான் சொல்லி என்ன பிரயோஜனம்? அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லையே.

ஆகவே ஐயா, இனிமேல் இந்த மாதிரிக் கட்டுரை போடும்போது, முன்னால் என்ன சொன்னோம், எப்போது மாறியது, எதைப் பார்த்து மாற்றினார்கள் என்று நாலு வரி சேர்த்துப் போடுங்கள். இடம் இல்லையென்றால் படத்தைச் சின்னதாக்குங்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதே மருத்துவமனைதான். கையில் ஒரு உணவுத் தாளோடு வந்தார். வாங்கிப் பார்த்தேன். எங்கள் சுவரில் இருந்த அதே தாள். நகல் எடுத்து எடுத்து எழுத்து மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மஞ்சள் கரு நீக்கவும். சாதம் தேவையான அளவு. அதன் நகல் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மருத்துவமனையின் பெயரை மட்டும் மையால் அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
ராசிபுரம்.