திருப்பணி முடிந்தது: சபையாருக்குக் குழுவின் அறிக்கை

அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

நம் ஆலயத்தின் திருப்பணி வேலை முடிந்துவிட்டது. எட்டு மாதத்தில் முடிப்போம் என்று சபைக்கூட்டத்தில் சொன்னோம், பதினான்கு மாதம் ஆகிவிட்டது. தாமதத்தில் பாதி மழையால் வந்தது, மீதி கூலிப் பிரச்சினையால் வந்தது. மழையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கூலியைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, பலர் பாதி பாதியாகக் கேள்விப்பட்டும் இருக்கிறீர்கள், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

நான்காவது மாதம் ஒரு சாயங்காலம் ஆலயத்தைப் பூட்ட வந்த கோயில்பிள்ளை (ஆலய ஊழியர்), பின்வாசல் படியில் இரண்டு சித்தாள் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இன்னும் வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டிருக்கிறார். மூன்று வாரமாகக் கூலி வரவில்லை, இன்றைக்காவது மேஸ்திரி வருவாரா என்று பார்க்கிறோம் என்றார்களாம். நாம் ஒப்பந்தக்காரருக்கு ஒரு தவணைகூடத் தவறவில்லை. விசாரித்தால் அவர் மேஸ்திரியைக் காட்டினார், மேஸ்திரி பாதிதான் கைக்கு வந்தது என்றார். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: ஒரே பாரம் சுமந்த ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி.

அன்று இரவு குழு கூடியபோது, நம் கணக்கு சரியாக இருக்கிறது, மற்றது அவர்களுக்குள் உள்ள விவகாரம் என்று சொன்னவர்கள் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அப்போது குழுவிலேயே மூத்தவர் ஒருவர் வேதாகமத்தைத் திறந்து எரேமியா 22-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தை வாசித்தார். அயலானிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்று தீர்க்கதரிசி சொன்னது யோயாக்கீம் ராஜாவின் அரண்மனையைப் பார்த்து. நாம் கட்டிக்கொண்டிருந்தது ஆலயம். வாசித்து முடித்தபின் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மறுநாளே வேலையை நிறுத்தினோம். நிலுவை முழுவதையும் நாமே நேரில் கொடுத்தோம், அதை அடுத்த தவணையில் கழித்துக்கொள்ள ஒப்பந்தக்காரரைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆனது. அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் பேர்ப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, குழுவில் இருவர் முன்னிலையில், ஒரே வேலைக்கு ஒரே கூலி. “அவர்கள் ஒத்துக்கொண்ட கூலிதானே?” என்று ஒப்பந்தக்காரர் கடைசிவரை கேட்டார். இந்தக் கேள்வி பழையது. 1891-ல் போப் 13-ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல் இதைத்தான் எடுத்துக்கொள்கிறது: இரண்டு பேரும் சம்மதித்துவிட்டார்கள் என்பதால் மட்டும் ஒரு கூலி நியாயமாகிவிடாது, உழைக்கிறவன் அதைக் கொண்டு வாழ முடிய வேண்டும், வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்வது சம்மதம் அல்ல. நம்முடையது கத்தோலிக்க சபை அல்ல, ஆனாலும் இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை, ஒப்பந்தக்காரருக்கும் தெரியவில்லை.

செலவு கூடியது. அதை ஈடுகட்டத் தரைக்குப் போடுவதாக இருந்த பளிங்கைக் கைவிட்டோம், பழைய தரையையே தேய்த்து மெருகேற்றியிருக்கிறோம். பளிங்குக்கென்றே காணிக்கை கொடுத்த குடும்பங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தோம். ஒரு குடும்பம் பணத்தைத் திருப்பிக் கேட்டது, கொடுத்துவிட்டோம். மற்ற எல்லோரும் கூலிக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அடுத்து வாசல். நான்கு படி, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர், ஆக 60 சென்டிமீட்டர் உயரம். சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை போட்டால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது பொதுவான விதி, அதாவது 7.2 மீட்டர். நம் முன்முற்றமோ 5 மீட்டர்தான். கொஞ்சம் செங்குத்தாகப் போட்டுவிடலாம், பின்னாலிருந்து இரண்டு வாலிபர்கள் தள்ளட்டும் என்று ஒரு யோசனை வந்தது. சபையில் சக்கர நாற்காலியில் வரும் சகோதரியை முதல்முறையாக அப்போதுதான் கூட்டத்துக்கு அழைத்தோம் (முதல் கூட்டத்துக்கே அழைத்திருக்க வேண்டும்). “இருபது வருஷமா என்னைத் தூக்கிட்டுதான் வர்றீங்க. நானா வரணும்” என்றார். அதோடு அந்த யோசனை போயிற்று. இப்போது பாதை நடுவில் சமதளம் விட்டு மடங்கி ஏறுகிறது, முற்றத்துக்குள் அடங்கிவிட்டது. மாற்கு 2-ல் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசுவிடம் கொண்டுவரக் கூரையைப் பிரித்து இறக்கிய நான்கு பேரின் விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் வழி விட்டிருந்தால் கூரையைப் பிரிக்கவே வேண்டியிருக்காது என்பது இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

முன்வரிசை பெஞ்சுகளில் இருந்த பித்தளைப் பேர்ப்பலகைகளை எடுத்துவிட்டோம். இது யாரையும் அவமதிக்கச் செய்ததல்ல. அந்தக் குடும்பங்களின் மூதாதையர் கொடுத்த பணத்தில்தான் இந்த ஆலயமே எழும்பியது, அவர்கள் பேர்கள் எல்லாம் இப்போது பின்சுவரில் ஒரே பலகையில், கொத்து வேலை செய்தவர்களின் பேர்களோடு சேர்ந்து இருக்கின்றன. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தியவனுக்கு நிற்கிற இடமும் காட்டாதே என்று யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் எழுதியிருந்தும், சபைகள் இந்தத் தப்பை நூற்றாண்டுகளாகச் செய்தே வந்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெஞ்சை வாடகைக்கு விட்ட ஆலயங்கள் ஏராளம். பிலடெல்பியாவில் ஒரு ஆலயத்தில் முழங்காலில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த கறுப்பினத்தவரைப் பிடித்து எழுப்பினார்கள், அப்படி வெளியேறியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன் பின்னால் 1816-ல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை உருவாக முன்னின்றார். உட்காருகிற இடம் சின்ன விஷயம் அல்ல. பலகை எடுத்த பிறகு இரண்டு குடும்பங்கள் ஆராதனைக்கு வரவில்லை. மூன்று தடவை போய்ப் பேசிவிட்டோம், இன்னும் போவோம், ஆனால் பலகை திரும்ப வராது.

கழிப்பறைகள் தெருப்பக்கம் திறக்கிறபடி கட்டப்பட்டிருக்கின்றன. தெருவில் வேலை செய்கிற யாரும் பகல் முழுவதும் வந்து போகலாம், கேட்க வேண்டியதில்லை.

இப்போது பக்கவாட்டு அறை, உதவி கேட்டு வருகிறவர்கள் தனியாகப் பேசுவதற்கானது. இதற்குத்தான் அதிக விவாதம் நடந்தது. முதல் வரைபடத்தில் அது அலுவலகத்தை ஒட்டி இருந்தது, அதாவது உதவி கேட்டு வருகிற பெண் ஒருத்தி எல்லோரும் பார்க்க நடுவழியாக நடந்து வர வேண்டும். மாற்றினோம். தனி வாசல், தெருவிலிருந்து தெரியாத பக்கம், உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி. 1953-ல் லண்டனில் புனித ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தில் சாட் வாரா என்கிற குருவானவர், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் கூப்பிட்டுப் பேச ஒரு தொலைபேசியை வைத்தார், சமாரிட்டன்ஸ் அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. அந்தத் தொலைபேசியை இன்னும் அந்த ஆலயத்தில் வைத்திருக்கிறார்கள். பெரிய கட்டடம் வேண்டியதில்லை என்று எங்களுக்குத் தைரியம் கொடுத்தது அதுதான்.

இந்த அறையில் வாரத்தில் இரண்டு சாயங்காலம் வழக்கறிஞர் ஒருவர் இருப்பார். போதகரோ மூப்பர்களோ அங்கே சமரசம் பேச வர மாட்டார்கள், இது எழுதப்பட்ட விதி. ஏன் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். காரணம் நமக்குத் தெரியும். அடிபட்டு வந்த பெண்களை இந்தச் சபை, ஜெபம் பண்ணு, பொறுமையாயிரு, வீட்டுக்குப் போ என்று அனுப்பியிருக்கிறது. ஒன்றிரண்டு தடவை அல்ல. அப்படிப் போனவர்களில் சிலர் இதை வாசிப்பீர்கள். உங்களிடம் இந்தக் குழு மன்னிப்புக் கேட்கிறது, கமிட்டி மேசையில் உட்கார்ந்து அதைச் சரி என்று சொன்னவர்களில் இந்த அறிக்கையை எழுதுகிற நானும் ஒருவன்.

அறை திறந்த முதல் வாரமே ஒன்று கற்றுக்கொண்டோம். குடும்பச் சண்டைகள்தான் வரும் என்று நினைத்திருந்தோம், பாதிப்பேர் வராத கூலிக்காக வந்தார்கள். அதில் ஒரு வீட்டுக்கு நாம் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு உதவிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறோம், புகைப்படம்கூட எடுத்திருக்கிறோம். அவர்களுக்கு வர வேண்டிய சம்பளம் வந்திருந்தால் பொட்டலம் தேவைப்பட்டிருக்காது. பொட்டலத்தை நிறுத்தச் சொல்லவில்லை, பசிக்கிறவருக்கு இன்றைக்குச் சாப்பாடு வேண்டும். ஆனால் ஏன் பசிக்கிறது என்று ஒரு தடவைகூட அந்த வீட்டில் நாம் கேட்கவில்லையே.

சபை வண்டி சம்பந்தமாக ஒரு வேண்டுகோள். வழக்குக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர்களுக்கு அதைக் கொடுக்கலாமா, ஆலயச் சொத்து ஆயிற்றே என்று கேள்வி வந்திருக்கிறது. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள், பேருந்தில் இருக்கைக்குக் காட்டிய நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள், அது 381 நாள் நீடித்தது. மக்களை வேலைக்குக் கொண்டுபோக வாங்கிய வண்டிகள் சபைகளின் பேரில் பதிவாகி, பக்கவாட்டில் சபைப் பேரோடு ஓடின. அதனால் வண்டியைக் கொடுப்போம், ஓட்டத்தான் ஆள் வேண்டும். இதுவரை மூன்று பேர்தான் பேர் கொடுத்திருக்கிறீர்கள், குறைந்தது எட்டுப் பேர் வேண்டும்.

கணக்கு: மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலி, மீதி பொருளும் வரைபடமும் அனுமதிகளும். ரசீதுகள், சனிக்கிழமைப் பேர்ப் புத்தகம் எல்லாம் பொருளாளரிடம் இருக்கின்றன, ஆராதனை முடிந்ததும் யாரும் கேட்டுப் பார்க்கலாம். கடன் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. கூடத்தை இரவில் வீடில்லாதவர்களுக்குத் திறப்பதற்கான அனுமதி இன்னும் வரவில்லை, வந்ததும் தனியாகச் சபைக்கூட்டம் போட்டுப் பேசலாம், இப்போதே முடிவு எடுத்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

அப்புறம், சரிவுப்பாதையில் வலது பக்கக் கைப்பிடிக்கு நேற்றுத்தான் வண்ணம் அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை வரை இடது பக்கத்தைப் பிடித்து ஏறுங்கள்.

திருப்பணிக் குழுவுக்காக,
செயலர்