‘சின்ன கிரேன்தானே’ என்று சொல்லி அனுப்புகிறவர்களுக்கு

வணக்கம்.

சர்வீஸ் லாரியின் பின்பக்கம் பொருத்திய, பேட்டரியில் ஓடுகிற ஹைட்ராலிக் கிரேனை வேலைக்கு அனுப்பும் முதலாளிகள், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேனேஜர்கள், சைட்டில் நின்று நேரம் பார்க்கும் சூப்பர்வைசர்கள், உங்கள் எல்லோருக்கும்தான் இந்தக் கடிதம். பல வருடமாக அந்த கிரேனின் ரிமோட்டைக் கையில் பிடித்தவன் நான். குறை சொல்லித் திட்டுவதற்காக எழுதவில்லை, உங்களால் மட்டுமே மாற்ற முடிகிற சில விஷயங்கள் இருக்கின்றன, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் டிரெய்லரில் வந்த கியர்பாக்ஸை இறக்கி அதன் அஸ்திவாரத்தில் உட்கார வைக்க வேண்டும். வேலைச் சீட்டில் எடை 600 கிலோ என்று இருந்தது. எங்கள் கிரேன், லோடு அதிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கும்போது 625 கிலோ தூக்கும். கியர்பாக்ஸோடு மோட்டாரும் போல்ட் போட்டு இணைந்தே வந்திருந்தது, அதைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் சீட்டில் இருப்பது இரண்டும் சேர்ந்த எடைதான் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். டிரெய்லரிலிருந்து தூக்கும்போது பூம், அதாவது கிரேனின் நீளும் கை, இரண்டரை மீட்டரில் இருந்தது, எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. திருப்பி, அஸ்திவாரத்தை நோக்கி பூமை நீட்டினேன். 3 மீட்டரை நெருங்கும்போது அப்படியே நின்றுவிட்டது, பாரம் அளவை மீறினால் கிரேனைத் தானாக நிறுத்தும் ஓவர்லோடு கட்-ஆஃப் வேலை செய்திருக்கிறது. இன்னும் ஒரு மீட்டர்தான் பாக்கி. ஆட்கள் போல்ட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூட வந்த ஹெல்பர் தம்பி வால்வு பெட்டியின் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவர் முனையால் வால்வை அமுக்கினான். பூம் நீண்டது.

4 மீட்டர் வந்தபோது லாரியின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முனகல் மாதிரி சத்தம். எட்டிப் பார்த்தால், எதிர்ப்பக்க அவுட்ரிகரின், அதாவது லாரி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் தாங்கியின், கால் அடியில் வைத்த கட்டையை விட்டு நாலு விரல் மேலே நிற்கிறது. லோடு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் தொங்கியது, ரோப்பைச் சுற்றி ஏற்றி இறக்கும் வின்ச்சை மெதுவாக இறக்கினேன், லோடு தரையில் உட்கார்ந்ததும் லாரி தடால் என்று திரும்ப விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எடை போட்டுப் பார்த்தபோது 850 கிலோ.

கணக்கு எளிமையானது. எடையைத் தூரத்தால் பெருக்குங்கள். அந்த கிரேன் தாங்குவது 2,500 கிலோ-மீட்டர். 850 கிலோவை இரண்டரை மீட்டரில் தூக்கினால் 2,125, அதனால்தான் டிரெய்லரில் இருந்தவரை கிரேன் எதுவும் சொல்லவில்லை. அதே 850 கிலோ 4 மீட்டரில் 3,400. எடை மாறவே இல்லை, தூரம்தான் மாறியது. ‘இவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டுதானே இருந்தது, இன்னும் கொஞ்சம் நீட்டினால் என்ன’ என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தோன்றும், அந்த நினைப்புதான் வண்டியைக் கவிழ்க்கிறது. லோடு சார்ட்டில் ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு எடை போட்டிருப்பதும் இதனால்தான், அந்த எடையில் கொக்கி, லோடைக் கட்டித் தூக்கும் ஸ்லிங், அதை மாட்டும் ஷேக்கிள் வளையம் எல்லாம் அடக்கம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் லாரி ஒன்றுக்குப் புதுசாக பெயின்ட் அடித்து வந்தபோது, அந்த சார்ட் ஸ்டிக்கரின் மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. யாரும் கேட்கவில்லை.

இது ஏன் நடக்கிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். நூறு டன் கிரேன் சைட்டுக்கு வந்தால் லைசென்ஸ் கேட்கிறீர்கள், லிஃப்டிங் பிளான் கேட்கிறீர்கள், தனியாக லோடைக் கட்டும் ரிக்கர், சைகை காட்டும் சிக்னல்மேன் எல்லோரும் வருகிறார்கள், சுற்றிலும் ரிப்பன் கட்டுகிறீர்கள். எங்கள் வண்டி வந்தால் ‘சின்ன கிரேன்தானே, சீக்கிரம் தூக்கி வை’ என்கிறீர்கள். ஸ்பேனர் செட்டைக் கொடுப்பது போல ரிமோட்டைக் கொடுத்துவிடுகிறோம். மெக்கானிக்காகச் சேர்ந்த பையன் இரண்டாவது வாரமே கிரேன் ஆபரேட்டர். கிரேன் சின்னதுதான். ஆனால் கீழே நிற்கிறவன் மேல் விழுகிற 600 கிலோ சின்னதில்லை. அதோடு, பெரிய கிரேனில் ஆபரேட்டர் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிறார், எங்கள் கிரேனில் லோடுக்குப் பக்கத்திலேயே, பல சமயம் லாரிக்கும் லோடுக்கும் நடுவிலேயே நிற்கிறோம்.

அந்த ஸ்க்ரூடிரைவர் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் முக்கியமானது அதுதான். ஓவர்லோடு கட்-ஆஃப் ஒன்றும் கிரேனைப் பூட்டிப் போடுவதில்லை. ஆபத்தை அதிகமாக்குகிற வேலைகளை மட்டும் நிறுத்துகிறது: வின்ச் ஏற்றுவது, பூமைத் தாழ்த்துவது, வெளியே நீட்டுவது. உள்ளே இழுக்கலாம், லோடை இறக்கலாம். அதாவது ‘வந்த வழியே திரும்பிப் போ’ என்று வழியும் காட்டுகிறது. வால்வைக் கையால் இயக்கும் வசதி எதற்கென்றால், கரண்ட் போய்விட்டாலோ ரிமோட் பழுதானாலோ தொங்குகிற லோடைப் பத்திரமாக இறக்க. அதை வைத்து லோடு ஏற்றினால், அந்த நேரத்தில் கிரேனில் வேறு பாதுகாப்பு எதுவும் கிடையாது. அந்தத் தம்பிக்கு அந்த வித்தையை யார் கற்றுக்கொடுத்தது? என்னை மாதிரி மூத்தவர்கள்தான். அன்றைக்கு ரிமோட் என் கையில்தான் இருந்தது, பட்டனை விட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் விடவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்: அந்த வால்வு பெட்டிக்கு சீல் வையுங்கள், சீல் உடைந்து வண்டி திரும்பி வந்தால் அன்று மாலையே ஏன் என்று கேளுங்கள். கேட்பீர்கள் என்று தெரிந்தாலே பாதிப் பேர் கை வைக்க மாட்டார்கள்.

அடுத்தது அவுட்ரிகர். சின்ன கிரேன்களில் பலவற்றில் இதைக் கையால்தான் இழுக்க வேண்டும், பின்னை எடுத்து, இழுத்து, திரும்பப் பின் போட்டு, ஜாக்கை இறக்கி, அடியில் கட்டை வைத்து, ரசமட்டம் பார்த்து, ஒழுங்காகச் செய்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை வேலையாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ‘இன்னும் தூக்க ஆரம்பிக்கவில்லையா’ என்று போன் வரும். சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்வீர்கள், அந்தப் பக்கம் அவுட்ரிகர் பாதிதான் வரும். சார்ட்டில் இருக்கிற எடை அவுட்ரிகர் முழுசாக நீண்டு, வண்டி மட்டமாக நிற்கும்போதுதான் பொருந்தும், அது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் இனிமேல் தெரிந்துகொள்ளுங்கள். பாதி நீண்ட காலுக்குத் தயாரிப்பாளர் தனியாக சார்ட் கொடுத்திருந்தால் அதைப் பார்க்கலாம். கொடுக்காவிட்டால் அந்த இடத்தில் தூக்கக் கூடாது.

கட்டை ஏன் என்றும் கேட்கிறார்கள். ஒரு காலில் 5 டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலின் தகடு 20 சென்டிமீட்டர் சதுரம் என்றால், மண்ணில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் பன்னிரண்டரை கிலோ அழுத்துகிறது. அடியில் 60 சென்டிமீட்டர் சதுரத்தில் வளையாத, கெட்டியான பலகை போட்டால் அது ஒன்றரை கிலோவுக்கும் கீழே வந்துவிடும். மழை பெய்து ஈரமான மண், புதுசாக மூடிய குழி, சாக்கடை மூடி, இவை மேலே பார்க்கக் கெட்டியாகத்தான் தெரியும். பள்ளம் தோண்டிய இடத்தில் பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளித்தான் காலை வைக்க வேண்டும், மண் இளகியிருந்தால் இன்னும் அதிகம்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த கிரேனில் பம்பைச் சுற்றுவது 12 வோல்ட் மோட்டார். 2,400 வாட் வேலைக்கே 200 ஆம்பியர் இழுக்கும். அதனால் லாரி இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் தூக்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைக்கச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் திணறும், சூடாகும், மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான சோலினாய்டின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் சரியாக ஒட்டாமல் பொறி பறந்து கடைசியில் உருகி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் பட்டனை விட்டாலும் மோட்டார் நிற்காது. ஒருமுறை எனக்கு நடந்தது, அன்று மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால் இரண்டு நொடியில் அணைத்தேன். உங்கள் வண்டியில் அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று உங்கள் ஆட்களிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் டூல்ஸ் பெட்டியை நகர்த்திவிட்டுத் தேடுகிறார்கள் என்று தெரியும். இந்த மோட்டார் நாள் முழுக்க விடாமல் ஓடுவதற்குச் செய்ததில்லை, நடுநடுவே ஆற விட வேண்டும், ஆபரேட்டர் ‘கொஞ்சம் ஆறட்டும்’ என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை.

மேலே போகும் மின்கம்பி இன்னும் பெரிய விஷயம். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் 50,000 வோல்ட் வரைக்கும் கிரேனின் எந்தப் பாகமும் லோடும் 10 அடிக்குள், அதாவது சுமார் 3 மீட்டருக்குள், போகக் கூடாது. வோல்டேஜ் ஏற ஏற இந்தத் தூரமும் ஏறும். எத்தனை வோல்ட் என்று உறுதியாகத் தெரியாதபோது 20 அடி விடுவதுதான் நல்லது. உங்கள் ஊர் விதி வேறாக இருந்தால் எது கடுமையோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் பட்டால் கேபினில் இருக்கிற டிரைவர் உள்ளேயே இருந்து தப்பிக்க வாய்ப்பு உண்டு. தரையில் நின்று ஒரு கையில் வயர் ரிமோட்டும் மறு கை லாரி பாடியிலுமாக நிற்கிற எங்கள் ஆளுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. வயர் இல்லாத ரேடியோ ரிமோட் வாங்கிக் கொடுத்தால் தள்ளி நின்று இயக்கலாம், கம்பிக்காக மட்டும் இல்லை, நசுங்காமல் இருப்பதற்கும் அது உதவும். செலவுதான், செய்யுங்கள்.

ரோப்பில் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், புதுசாக வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வின்ச்சைத் தொடாமல் பூமை மட்டும் வெளியே நீட்டினால் கொக்கி தானாகவே மேலே ஏறும், ஏனென்றால் ரோப்பின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. கண் லோடு மேல் இருக்கும்போது கொக்கி போய் பூம் முனையில் முட்டி, ரோப் பட்டென்று அறுந்துவிடும். அதைத் தடுக்க ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கிறது, சங்கிலியில் ஒரு சின்ன எடை தொங்கும். பல வண்டிகளில் அந்த எடையைத் தூக்கிக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள், காரணம் கேட்டால் ‘அடிக்கடி நிற்கிறது’ என்கிறார்கள்.

ஸ்லிங் கோணமும் அப்படித்தான். 1,000 கிலோவை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கும்போது, ஸ்லிங் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் சுமார் 580 கிலோ, 45 டிகிரியில் சுமார் 710, 30 டிகிரியில் முழு 1,000. நீளமான ஸ்லிங் வேண்டும் என்று ஆபரேட்டர் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், இருப்பதை வைத்து ஒப்பேற்றச் சொல்லாதீர்கள்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன? வேலைச் சீட்டில் எடை எழுதும்போது எதையெல்லாம் சேர்த்த எடை என்று எழுதுங்கள், தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுதுங்கள், தவறான எண்ணை விட அது எவ்வளவோ மேல். ரிமோட்டைக் கொடுப்பதற்கு முன் ஒருத்தருக்கு முறையாகப் பயிற்சி கொடுங்கள், சார்ட்டைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வண்டியை நிறுத்தி, காலை நீட்டி, கட்டை வைத்து, லோடை ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பார்க்கிற நேரத்தையும் வேலை நேரத்தில் சேருங்கள். அப்புறம், ‘நிறுத்து’ என்று யார் சொன்னாலும், டீ கொண்டு வருகிற பையன் சொன்னாலும், கிரேன் நிற்க வேண்டும் என்பதை உங்கள் வாயால் எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லுங்கள். நாங்கள் சொல்வதை விட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அந்த ஹெல்பர் தம்பி இப்போது தனியாக ஒரு வண்டியை ஓட்டுகிறான். போன மாதம் போன் செய்து, சுவர் ஓரத்தில் கால் நீளவில்லை, தூக்க முடியாது என்று சொல்லிவிட்டேன் அண்ணா, சூப்பர்வைசர் கத்துகிறார் என்றான். நான் அவனிடம் வண்டியை எத்தனை அடி தள்ளி நிறுத்தினால் கால் முழுசாக வரும் என்று கேட்டேன், எட்டு அடி என்றான். அதை அவரிடம் சொல்லச் சொன்னேன். நடுவில் நின்ற ஒரு டிராக்டரை நகர்த்தி இடம் கொடுத்திருக்கிறார்கள், அரை மணி நேரம் தாமதமாக வேலை முடிந்தது. உங்கள் ஆளிடமிருந்து அடுத்த முறை அப்படி ஒரு போன் வந்தால், ‘எத்தனை அடி வேண்டும்’ என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி கிரேன் ஆபரேட்டர்