ஏடிபி தலைவருக்கு ஒரு திறந்த மடல்: மாஸ்டர்ஸ் போட்டிகளை மறுபடி ஒரு வாரமாக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆண்ட்ரியா காடென்ஸி அவர்களுக்கும், ஆண்கள் டென்னிஸ் போட்டிகளை நடத்தும் ஏடிபி அமைப்பின் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். பகல் முழுக்கத் தோள், முழங்கால், இடுப்பு என்று மற்றவர்கள் வலியோடு பழகுகிறவள். இரவானால் டென்னிஸ் பார்க்கிறவள். இந்த மடலை 2025 ஜூலை மாதமே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்து இரண்டு முறை மூடி வைத்துவிட்டேன். விம்பிள்டன் போன்ற நான்கு கிராண்ட் ஸ்லாம்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவை மாஸ்டர்ஸ் போட்டிகள்; அக்டோபரில் நீங்கள் சவூதி அரேபியாவில் அப்படி இன்னொன்று வரப்போகிறது என்று அறிவித்ததைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாட்களாக இழுத்துவிட்ட மாஸ்டர்ஸ் போட்டிகளைப் பழையபடி ஒரு வாரத்துக்குக் கொண்டு வாருங்கள். அதில் மிச்சமாகும் வாரங்களை வருடக் கடைசியில் வீரர்களுக்கு ஓய்வாகக் கொடுங்கள்.

2025 ஜூலை 7, விம்பிள்டன் சென்டர் கோர்ட். நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தச் சில நிமிடங்களை நான் பார்த்தபடி உங்கள் முன் வைக்க வேண்டும்.

பல்கேரிய வீரர் கிரிகோர் டிமிட்ரோவ் எதிரில் நின்றது உலகின் முதல்நிலை வீரர் யானிக் சின்னர். முந்தைய வருடம் மயாமி இறுதியில் 6-3, 6-1 என்று டிமிட்ரோவைத் துடைத்துப் போட்டவர். அதே வருடம் பிரெஞ்சு ஓப்பன் காலிறுதியிலும் மூன்றே செட்டில் முடித்தவர். அப்படிப்பட்டவரை 34 வயதில், புல்தரையில், 6-3, 7-5 என்று டிமிட்ரோவ் பின்னுக்குத் தள்ளியிருந்தார். தாழ்ந்து சறுக்கிப் போகும் அந்த ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஸ்லைஸுக்குச் சின்னர் திரும்பத் திரும்பக் குனிய வேண்டியிருந்தது. பதினேழு வருடங்களாக எல்லோரும் இவரிடம் எதிர்பார்த்த ஆட்டம் அதுதான். இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் படுக்கவில்லை.

வெளிச்சம் குறைந்து கூரையை மூடினார்கள். மூன்றாவது செட் 2-2. டிமிட்ரோவ் ஒரு ஏஸ் அடித்தார், எதிராளி தொட முடியாத சர்வ். அடித்த கையோடு இடது கை வலது மார்புக்குப் போனது. அடுத்த நொடி அவர் தரையில் இருந்தார். வலியில் முகம் சுருங்கவில்லை. என்ன நடந்தது என்று புரிந்துவிட்ட முகம் அது. என் மேசையில் படுத்திருக்கும் நோயாளிகளிடம் அந்த முகத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க" என்று கேட்க வேண்டியவர்கள், கேட்காமலே அமைதியாகிவிடுவார்கள்.

சின்னர் வலையைத் தாண்டி ஓடி வந்தார். உள்ளே போய்ப் பரிசோதித்துவிட்டுக் கண் கலங்கத் திரும்பி வந்து, ஆட முடியாது என்று டிமிட்ரோவ் சொன்னபோது, அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தார். இதை வெற்றியாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று மைதானத்திலேயே சொன்னார். அந்த வாரக் கடைசியில் கோப்பையும் அவருக்குத்தான்.

சர்வ் அடிக்கும்போது கை பின்னால் போய் வளைகிற அந்தக் கணத்தில், மார்புத் தசை வில் நாண் மாதிரி இழுபடும். நெஞ்செலும்பிலிருந்து மேல்கை எலும்பு வரைக்கும் ஓடும் பெரிய தசை அது. இழுபட்ட நிலையிலிருந்து மொத்த வேகத்தோடு சுருங்கிக் கையை முன்னால் வீச வேண்டும். ஒரே ஆட்டத்தில் இது எத்தனை முறை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். தேறுவதற்கு நேரம் கிடைத்தால் அந்தத் தசை வருடக்கணக்காக உழைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு நாள் கைவிடும்.

உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை, ஐயா. 1998இல் மிலானில், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில், மாக்னஸ் நோர்மனுக்கு எதிராக ஐந்தாவது செட்டில் 6-6 என்று நின்றபோது தோள் தசைநார் அறுந்து விலகியவர் நீங்கள். சொந்த மண், சொந்த மக்கள், கைக்கெட்டும் தூரத்தில் வெற்றி. அப்படி ஒரு தருணத்தில் உடம்பு கைவிடுவது எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒருவர் தலைவர் நாற்காலியில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

விம்பிள்டன் அன்று ஒரு நாள் நேர்ந்த விபத்து என்றால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். 2024 விம்பிள்டனில் டிமிட்ரோவ் மெத்வெதேவுக்கு எதிராக முதல் செட்டிலேயே விலகினார். அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் டியாஃபோவுக்கு எதிராக நான்காவது செட்டில் விலகினார். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் பசாரோவுக்கு எதிராக இரண்டாவது செட். பிரெஞ்சு ஓப்பனில் ஈதன் குவின்னுக்கு எதிராக இரண்டு செட் முன்னிலையில் இருந்து, மூன்றாவதைத் தோற்றதோடு விலகல். அப்புறம் இந்த விம்பிள்டன். தொடர்ச்சியாக ஐந்து கிராண்ட் ஸ்லாம்களில் ஒரே மனிதர் ஆட்டத்தை முடிக்காமல் கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கிறார். கால், இடுப்புப் பக்கம், தொடை, கடைசியில் மார்பு.

தொலைக்காட்சியில் பார்த்து நான் நோயைக் கணிக்க முடியாது. ஆனால் என் தொழிலில் தினமும் பார்க்கிற ஒன்று உண்டு. ஓரிடம் முழுக்க ஆறுவதற்குள் வேலைக்குப் போனால், உடம்பு பாரத்தை இன்னோரிடத்துக்கு மாற்றும். முழங்காலோடு வந்தவர் மூன்று மாதம் கழித்து முதுகோடு வருவார். "அதுதான் சரியாயிருச்சே" என்பார். சரியாகியிருக்காது. பொறுத்துக்கொள்ளப் பழகியிருப்பார்.

அவருக்கு 34 வயது, அந்த வயதில் இப்படித்தான் இருக்கும் என்று உங்கள் தரப்பில் சொல்லலாம். நியாயம்தான். பன்னிரண்டு நாள் மாஸ்டர்ஸ்தான் அந்தத் தசையைக் கிழித்தது என்று நான் சொல்லவும் மாட்டேன். அப்படியானால் 22 வயது ஹோல்கர் ரூனேவை என்ன சொல்வது? 2025 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. அதே மாதம் ஷாங்காயில் வெயிலும் புழுக்கமும் தாங்காமல் ஒருவர் பின் ஒருவராக விலகினார்களே, சின்னரே தசைப்பிடிப்பில் நடக்க முடியாமல் வெளியேறினாரே, அவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டதா?

ஜனவரி முதல் வாரத்தில் ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறீர்கள். சில வருடம் டிசம்பர் கடைசியிலேயே. நவம்பர் பாதியில் இத்தாலியில் வருடக் கடைசி ஏடிபி இறுதிப் போட்டி, அதற்கப்புறம் டேவிஸ் கோப்பை. மிஞ்சுவது எத்தனை வாரம்? அதிலும் காயத்தை ஆற்ற வேண்டும், புதிதாக உடம்பைக் கட்ட வேண்டும், வீட்டு முகமும் பார்க்க வேண்டும். இந்தியன் வெல்ஸும் மயாமியும் நெடுங்காலமாகவே நீண்டவை, அதை விடுங்கள். 2023இல் மாட்ரிட், ரோம், ஷாங்காய் மூன்றையும் இழுத்தீர்கள். 2025இல் கனடாவும் சின்சினாட்டியும். ஒன்பதில் ஏழு இப்போது இப்படி. ஒரு வாரத்தில் முடிவது மான்டே கார்லோவும் பாரிஸும் மட்டும்தான்.

இடையிடையே ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறதே என்று நீங்கள் விளக்கம் சொல்லியிருக்கிறீர்கள். ஐயா, ஓட்டல் அறையில் அடுத்த நாள் ஆட்டத்தை நினைத்துக்கொண்டு படுத்திருப்பது ஓய்வில்லை. தசை ஆற வேண்டுமானால் முதலில் பாரம் குறைய வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், அதற்கு வாரங்கள் சேர்ந்தாற்போல் வேண்டும். துண்டு துண்டாகக் கொடுக்கும் ஒரு நாளால் அது ஆகாது. இப்படி நீட்டிய போட்டிகளில் 96 பேர் ஆடுவதால் தரவரிசையில் கீழே இருப்பவர்களுக்கும் வாய்ப்பும் பணமும் கிடைக்கிறது என்பது உண்மை, நல்ல விஷயமும்கூட. அந்தப் பணத்தை வேறு வழியில் அவர்களுக்குச் சேர்க்க உங்களால் முடியாதா? சவூதி போட்டி கட்டாயமில்லை என்கிறீர்கள். அதுவும் சரி. ஆனால் மூட்டை கனக்கிறது என்று கத்துகிறவன் தலையில் இன்னொன்றை வைத்து, "வேண்டுமானால் இறக்கிக்கொள்" என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டிமிட்ரோவை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், ஓய்வு கேட்டு முரண்டு பிடித்த ஆள் இல்லை அவர். 2011 ஆஸ்திரேலிய ஓப்பன் தொடங்கி 2025 விம்பிள்டன் வரை ஒன்றுகூட விடாமல் 58 கிராண்ட் ஸ்லாம்கள் ஆடினார். பதினான்கு வருடங்களுக்கு மேல். நீங்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்து நின்ற மனிதர். அந்தத் தொடர் 2025 அமெரிக்க ஓப்பனில் அறுந்தது.

பல்கேரியாவின் ஹாஸ்கோவோ ஊர்க்காரர். அப்பா டென்னிஸ் பயிற்சியாளர், அம்மா வாலிபால் ஆடியவர். மூன்று வயதில் கையில் மட்டை. மலேவா சகோதரிகள் மூவரும் முதல் பத்து இடங்களுக்குள் வந்த நாடுதான் அது, ஆனால் ஆண்கள் பக்கம் இவருக்கு முன் ஒருவரும் ஏடிபி பட்டம் வென்றதில்லை. 2008இல் ஜூனியர் விம்பிள்டனும் ஜூனியர் அமெரிக்க ஓப்பனும் வென்றதும் "குட்டி ஃபெடரர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை இறக்கி வைக்கவே அவருக்கு எத்தனை வருடமாயிற்று! 2014 விம்பிள்டனில் நடப்புச் சாம்பியன் மர்ரேயை மூன்று செட்டில் வீழ்த்தினார். 2017இல் சின்சினாட்டி பட்டம், லண்டனில் ஏடிபி இறுதிப் போட்டிப் பட்டம், உலகத் தரவரிசையில் 3. அதே வருடம் சொந்த நாட்டில் சோஃபியா ஓப்பன். பிறகு சரிவு. 78ஆம் இடத்தில் இருந்தபோது 2019 அமெரிக்க ஓப்பனில் ஃபெடரரையே ஐந்து செட்டில் வென்றார். அடுத்த பட்டத்துக்கு 2024 பிரிஸ்பேன் வரை காத்திருந்தார்.

2023 பாரிஸ் மாஸ்டர்ஸ் இறுதியை என்னால் மறக்க முடியவில்லை. ஜோகோவிச்சிடம் தோற்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஜோகோவிச்சே வந்து தேற்றினார். அதே போட்டியில்தான் சின்னர் ஓர் ஆட்டத்தை அதிகாலை 2.37க்கு முடித்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு வராமல் விலகினார். நள்ளிரவு ஆட்டங்களுக்கு நீங்கள் பிறகு விதி கொண்டு வந்தீர்கள், இரவு 11க்கு மேல் தொடங்கக் கூடாது என்று. அதற்கு நன்றி. நினைத்தால் உங்களால் முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பந்து வாரத்துக்கு வாரம் மாறுகிறது, தோளும் மணிக்கட்டும் போகிறது என்று வீரர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வீரர்கள் சங்கம் 2025 மார்ச்சில் உங்கள்மேல் வழக்கே போட்டுவிட்டது. கிராண்ட் ஸ்லாம்காரர்கள் ஒரு பக்கம் இழுக்கிறார்கள், நீங்கள் ஒரு பக்கம், சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு ஒரு பக்கம். யார் நாட்காட்டி பெரியது என்ற போட்டியில் நடுவில் மாட்டிக்கொண்டு அறுபடுவது தசையும் தசைநாரும்தான். பணம் கொட்டுகிற விளையாட்டில், அந்தப் பணத்தைச் சம்பாதித்துத் தருகிற உடம்புக்கு ஆறு வாரம் சேர்த்துக் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது.

விம்பிள்டனுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் கழித்து, அக்டோபர் கடைசியில், டிமிட்ரோவ் பாரிஸ் மாஸ்டர்ஸில் திரும்ப வந்தார். ம்பெட்ஷி பெரிகாரை வென்றார். அவர் சர்வ் போடும் ஒவ்வொரு தடவையும் நான் ஸ்கோரைப் பார்க்கவில்லை, அந்த வலது தோளையும் மார்பையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து மெத்வெதேவுடன் ஆட வேண்டியது. களமிறங்க முடியாமல் விலகிக்கொண்டார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 2023க்கு முன்னால் நீங்களே நடத்திய முறைதான். மாட்ரிட், ரோம், ஷாங்காய், கனடா, சின்சினாட்டி ஐந்தையும் மறுபடி ஒரு வாரமாக்குங்கள். மிச்சமாகும் நாட்களைப் புதிதாக ஒரு போட்டிக்குக் கொடுத்துவிடாமல், நவம்பரிலும் டிசம்பரிலும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள். அடுத்த நாட்காட்டியைப் பேச உட்காரும்போது, மிலானில் அந்த 6-6இல் உங்கள் தோள் எப்படி இருந்தது என்பதையும் மேசைமேல் வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட், டென்னிஸ் ரசிகை