இருமவிட்டுக் கேள்

திருகோணமலை
ஞாயிறு பின்னேரம்

அன்புத் தோழி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. வாசலைக் கூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் மணல்.

ஒப்பரேசனுக்கு முன்னம் நோயாளிகளுக்கு நோவைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். தியேட்டருக்குப் போகிற காலையில் சொன்னால் பயத்தில் தலையை மட்டும் ஆட்டுவார்கள். முதல்நாள் பின்னேரம், வீட்டில் குளிசை எடுத்துக் கொடுக்கப்போகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்.

நோவுக்கு 0 முதல் 10 வரை எண் சொல்ல அன்றே பழக்கு: 0 என்றால் நோவே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத நோவு. படுத்திருக்கும்போது கேட்டால் நம் கடற்கரைச் சனம் "பரவாயில்ல மிஸ்" என்றுவிடும். மூச்சை நன்றாக இழுத்து இருமவிட்டுக் கேள், உண்மையான எண் வரும். வயிற்றில் வெட்டு உள்ளவர் நோவுக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி தேங்கி நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். அதற்காக நோவே இருக்காது என்று வாக்குக் கொடுக்காதே. இருமவும் நடக்கவும் முடிகிற அளவுக்கு அடக்கித் தருவோம் என்று சொல், அது போதும்.

துவாயை நாலாக மடித்து, வெட்டு வரப்போகிற இடத்தில் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து இருமச் சொல். எழும்புவதற்கு முழங்காலை மடித்து, ஒருபக்கம் உருண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றவேண்டும். மல்லாந்தபடியே எழும்பினால் வயிற்றுத் தசை தையலை இழுக்கும். "விளங்கிச்சா?" என்று கேட்காதே, எல்லாரும் "ஓம்" என்பார்கள். செய்துகாட்டச் சொல்.

முதுகில் விறைப்பு ஊசி போட்டவருக்குச் சில மணித்தியாலம் நோவு தெரியாது. விறைப்பு விடும்போதுதான் நோவு ஒரேயடியாக ஏறும். காலில் உணர்வு திரும்பத் தொடங்கியதுமே கூப்பிடச் சொல். உச்சிக்கு ஏறின நோவை இறக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படும்.

பெரிய சிக்கல் பரசிற்றமோலில். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு 8 குளிசையைத் தாண்டக்கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் டொக்டர் குறைத்து எழுதுவார். ஆஸ்பத்திரி உறையில் 'பரசிற்றமோல்', வீட்டு அலுமாரியில் 'பனடோல்'. இரண்டும் ஒன்றென்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினால் ஈரல் பழுதாகும். இரண்டு உறையையும் அருகருகே வைத்துக் காட்டு.

டைக்ளோபெனாக் என்ற நோவு மருந்தைக் கொடுக்கமுன் அல்சர், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா உண்டா என்று கேட்டுக் குறித்து வை. மோர்பின், ட்ரமடோல் போன்ற கடுமையான நோவு மருந்து என்றால் "பழகிப்போகும்" என்று பயப்படுவார்கள். சொன்ன அளவில் சில நாள் எடுத்து அடிமையாவது அரிது. மலச்சிக்கல்தான் வரும், முக்கினால் தையல் நோகும். தண்ணீரும் நடையும் ஒப்பரேசன் முடிந்த முதல்நாளே தொடங்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுவை.

வீட்டுக்குப் போனதும் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் நோவு எடுபடும் என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். காயம் நன்றாக மூடும்வரை வேண்டாம். குறைந்துவந்த நோவு திடீரெனக் கூடினாலோ, காயத்தில் சீழ் வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே வரவேண்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் எண் கேட்டுப் பயனில்லை. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி