மூன்று பக்கமும் குப்பையா, மாப்பிள்ளை?

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

மண்டபம் ஊரிலிருந்து மாமா எழுதுவது. காலையில் எழுதுகிற பழக்கத்தை விட்டுவிட்டதாகப் போனில் சொன்னாய். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். ஜூலியா கேமரன் என்கிற அமெரிக்க அம்மா 1992இல் வந்த புத்தகத்தில் சொன்னது, எழுந்ததும் கையால் மூன்று பக்கம், மனசில் வருவதை அப்படியே எழுதணும் என்றாய். அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கரையில். வேறென்ன வேலை? சரி என்று உட்கார்ந்தேன்.

முதல் வாரம் நான் எழுதியதைப் பார்த்தால் சிரிப்பாய். "கொசு. ஐஸ் பாக்கி. கிழிந்த வலை அப்படியே கிடக்கு. கொசு. என்ன எழுத." உப்புக்காற்றில் தாள் நமுத்துப்போய்ப் பேனா வழுக்கும். ஒரு எழுத்து விழும், அடுத்தது விழாது.

"எல்லாம் குப்பையா வருது மாமா" என்கிறாய். குப்பைதான் வரும். வலையின் மடியைத் தூக்கிப் படகுத் தளத்தில் கொட்டினால் இறால் மட்டுமா விழுகிறது? சங்காயம் என்கிற கழிவு மீன், நண்டு, பாசி, ஒற்றைச் செருப்பு எல்லாம்தான். சின்ன வயதில் என்னோடு உட்கார்ந்து பொறுக்கியவன்தானே நீ? எட்டு வாரம் திரும்பிப் படிக்காதே என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறாராம். நீ நாலாம் நாளே சிவப்பு மையில் ஒற்றுப்பிழை திருத்தியிருக்கிறாய்!

தடை முடிய இரண்டு நாள் இருக்கும்போது டீசல் கணக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் கை, "போகப் பிடிக்கலை. பயமா இருக்கு" என்று எழுதிவிட்டது. முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறேன், இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொன்னதில்லை. தடை முடிந்ததும் படகு ஏறத்தான் செய்தேன். ஆனால் உன் அத்தையிடம் சொல்லிவிட்டு ஏறினேன். அவள், "தெரியும்" என்றாள், அவ்வளவுதான்.

பென்னிபேக்கர் என்பவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு என்று ஒன்று அனுப்பினாயே, மனசை உறுத்துவதைத் தினம் 15 நிமிடம், நாலு நாள் எழுதிய மாணவர்கள் அப்புறம் டாக்டரிடம் போவது குறைந்தது என்று. என் முழங்கால் வலி குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கடலுக்குப் போகாத நாளில்தான் எழுதுகிறேன். நோட்டை எங்கே ஒளித்துவைப்பது என்று கேட்டாய். என்னுடையது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. உன் அத்தைக்கு இடம் தெரியும். எடுத்துப் படிப்பதில்லை என்கிறாள். நம்பித்தான் ஆகணும்.

இப்படிக்கு,
மாமா